மலைநாட்டுப் பயணமும் அடைக்கலப் பொருளும்

விடுமுறை நாட்கள் நெருங்கியதும் நம்மவர் உள்ளம் மலைநாட்டை நாடுகின்றது. வெப்பத்திலும் புழுதியிலும் உழன்றவர்களுக்குத் தேயிலைச் சாரல்களின் பசுமையும், பகலிலும் படர்ந்து வரும் மூடுபனியும் பெருவிருந்தாகும். ஆனால் அவ்விருந்தை உண்ணவிடாது தடுப்பதற்கு மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. கைகளை இழுக்கும் இரண்டு பெட்டிகளே போதும்.

மலைநாட்டுச் சிற்றூர்கள் பல, ஒரே சரட்டிற் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. 1885இல் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் நீண்டது. ஏறத்தாழ 6,200 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலையைக் கடந்ததும் ஒஹியா, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆதலின், காலையில் நுவரெலியாவிலே அறையைக் காலி செய்து இரவிற்குள் பதுளையை அடைய எண்ணும் குடும்பத்தினர், இடையே ஓர் ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்க்க விரும்புவது இயல்பு. பழைய அறை கைவிட்டுப் போயிற்று. புதிய அறை இன்னும் கைக்கு வரவில்லை. இடைப்பட்ட ஆறேழு மணி நேரம் பொதிகளை எங்கே வைப்பது?

பொதியோடு போனால் என்ன என்று கேட்பவர் அப்புத்தளைக்குச் சென்று பார்த்தல் வேண்டும். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, லிப்டன் சீட் எனப்படும் உச்சிமேட்டிற்குச் செல்லும் வழி ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் ஏற்றமாகும். எல்லவிற்கு அருகே, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண்பதற்கும் கரடுமுரடான வழியில் நடக்க வேண்டும். சக்கரம் பூட்டிய பெட்டி பளிங்குத் தரையிலே ஓடும். இவ்வழிகளிலோ நாம் அதனை இழுப்பதற்குப் பதிலாக அது நம்மை இழுக்கும்.

வைக்கத் தகுந்த இடங்கள்

கொழும்புக் கோட்டை போன்ற பெரிய புகையிரத நிலையத்திலே, கட்டணம் பெற்றுப் பொதிகளைக் காக்கும் அறை உண்டு. சிறிய நிலையங்களில் அவ்வசதியை எதிர்பார்த்துச் செல்லுதல் கூடாது. நிலைய அதிபர் மனமுவந்து இடங்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை, நமது உரிமையன்று.

இரவு தங்கிய விடுதியே முதலிற் கேட்கத் தகுந்த இடம். அறையைக் காலி செய்த பின்னரும் மாலைவரை பொதிகளை வைத்திருக்கப் பல விடுதியார் இணங்குவர். அடுத்துத் தங்கப்போகும் விடுதிக்கு முன்னதாகவே தொலைபேசியிற் சொல்லிவைத்தால், அறை ஆயத்தமாகாவிடினும் பொதிகளை ஏற்றுக்கொள்வர். இவ்விரண்டும் இயலாதபோதே உணவுச்சாலையையோ கடையையோ நாட வேண்டும். அங்கே உணவருந்தி, சிறு தொகையேனும் கொடுத்து, கடை சாத்தும் நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே செல்லுதல் முறை. மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்ட கதவின் முன்னே நின்று பெருமூச்சு விடுவதால் பயனில்லை.

வாடகை வாகனத்தில் வைத்துச் செல்வோர், வாகனத்தின் இலக்கத்தையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளைக் கண்ணாடியினூடே தெரியுமாறு இருக்கையில் விடலாகாது. காட்சியிடத்திற்கு வந்து, பலரும் பார்த்திருக்கப் பின்கதவைத் திறந்து ஒளித்து வைப்பதும் தவறு. புறப்படும் இடத்திலேயே அதனைச் செய்துவிட வேண்டும்.

மூன்று கூறுகள்

இடத்தைத் தேடுவதற்கு முன், வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பயணப் பொருள்களை மூன்று கூறாக்குதல் வேண்டும். உடலை விட்டு நீங்கக் கூடாதவை முதற்கூறு: தேசிய அடையாள அட்டை, பணம், மருந்து, மூக்குக்கண்ணாடி, கைத்தொலைபேசி, நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவராயின் மூலச் சான்றிதழ்கள். பிறரிடம் ஒப்படைக்கக் கூடியவை இரண்டாங்கூறு: உடைகளும் துவாய்களும் போன்றவை. வீட்டிலேயே இருந்திருக்க வேண்டியவை மூன்றாங்கூறு. நகைகளிற் பெரும்பாலானவை இக்கூற்றைச் சேர்ந்தவையே. சீதா எலியவிலே அம்மனைத் தரிசிக்கச் செல்பவர்க்குப் பக்தி வேண்டும். பத்துப் பவுண் சங்கிலி வேண்டியதில்லை.

முதற்கூற்றை உடலோடு வைத்திருக்கக் கள்வர் மட்டும் காரணமல்லர். மலைநாட்டுப் பாதைகள் மழைக்குக் கட்டுப்பட்டவை. 2025 நவம்பர் இறுதியிலே தாக்கிய டித்வா சூறாவளி மலைச்சரிவுகளை இடித்து வீழ்த்தி, புகையிரதப் பாதைக்கும் தெருக்களுக்கும் பெருஞ்சேதம் விளைத்தமையை நாம் மறந்திலோம். புகையிரதம் எதுவரை செல்கின்றது என்பதைப் புறப்படுமுன் உசாவி அறிதல் வேண்டும். அத்துணைப் பேரிடர் நிகழாவிடினும், ஒரு சிறு மண்சரிவு போதும், பொதி ஓர் ஊரிலும் நாம் மற்றோர் ஊரிலுமாக இரவைக் கழிப்பதற்கு. நீரிழிவு நோயுள்ள தாயாரின் மருந்து பூட்டிய பெட்டிக்குள்ளே பத்திரமாக இருப்பதால் அன்றிரவு யாருக்கு நன்மை?

சிவனொளிபாத மலைக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும். நல்லதண்ணியில் பொதிகளை விட்டுவிட்டு இரவிலே ஏறுவோர், கம்பளி உடையையும் மருந்தையும் பெட்டிக்குள் மறந்துவிடலாகாது. 7,359 அடி உயரத்தில் விடியலை நோக்கி நிற்கும்போது, அடிவாரத்தில் இருக்கும் கம்பளி குளிரைத் தடுக்காது.

ஏற்பவர் சுமக்கும் சுமை

இதுவரை கூறியவை நமது நலம் பற்றியவை. பொதியை ஏற்பவரின் நலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுச் சிற்றூரொன்றில் மாணவர் சிலருடன் பஸ் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்துத் தேநீர்க் கடையிலே ஆரவாரம் எழுந்தது. அங்கே பொதிகளை விட்டுச் சென்றிருந்த ஒரு குடும்பத்தினர், தங்கச் சங்கிலி ஒன்றைக் காணவில்லை என்றனர். கடையில் வேலை செய்த தோட்டத்து இளைஞன்மேலே எல்லோருடைய பார்வையும் விழுந்தது. சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டுமாறு அவனை வற்புறுத்தினர். அரைமணி நேரத்தின் பின், அச்சங்கிலி அம்மையாருடைய கைப்பையிலே ஒரு கைக்குட்டைக்குள் இருந்து கிடைத்தது. அவர்கள் பஸ் ஏறிப் போயினர். இளைஞன் பைகளை உள்ளே தள்ளிவிட்டுத் தேநீர்க் குவளைகளைக் கழுவத் தொடங்கினான். சங்கிலி மீண்டது, பலர் முன்னிலையில் அவன் இழந்த மானத்தை மீட்டுக் கொடுத்தவர் யார்?

அடைக்கலம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்திலே அடைக்கலக் காதை என ஒரு காதையே உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை இடையர் குலத்து மாதரியிடம் ஒப்படைத்தார். பின்னர் நேர்ந்த துயரத்திற்கு மாதரி எவ்வாற்றானும் காரணமல்லள். எனினும் அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று நொந்து அவள் தீப்புகுந்ததாகக் காப்பியம் கூறுகின்றது. பிறர் பொருளை ஏற்றல் அத்துணைப் பெருஞ்சுமை. தேநீருக்கு நாம் கொடுக்கும் சில ரூபாய்களுக்காக அச்சுமையை ஓர் ஏழையின் தலையிலே ஏற்றலாமா?

ஆதலின், தொலைந்தால் நாம் கலங்கி ஒருவரைச் சந்தேகிக்க நேரும் எப்பொருளையும் பிறரிடம் விடாதிருத்தலே முதல் விதி. ஒப்படைக்கும் பொதியைப் பூட்டுக. எத்தனை பொதிகள் என்பதை உரக்கச் சொல்லி எண்ணிக் கொடுக்க. கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்க. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வெளியிலும் உள்ளேயும் எழுதிவைக்க. ஆளில்லா வீட்டின் முகவரியை வெளியிலே எழுதி ஊரறியச் செய்ய வேண்டாம். ஒரே நிறப் பெட்டிகள் மாறிப் போவதுண்டு. கைப்பிடியிலே வண்ணத் துணியொன்றைக் கட்டினால் அக்குழப்பம் தீரும். மலைமழையில் நனையாதிருக்க உடைகளைப் பொலித்தீன் உறையிலிட்டு வைத்தல் நன்று. மீளப் பெறும்போது கொடுத்தவர் முன்னிலையிலேயே எண்ணிச் சரிபார்த்து, நன்றி கூறி விடைபெறுக.

யாரிடமும் சொல்லாமல் நிலைய வாங்கின்மேல் பொதியை விட்டுச் செல்வது மட்டும் எக்காரணங்கொண்டும் ஆகாது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினத் தாக்குதல்களின் பின், தனித்துக் கிடக்கும் பையைக் கண்டு மக்கள் அஞ்சுவதிலே வியப்பில்லை. நமது சோம்பல் ஒரு நிலையத்தையே நடுங்க வைத்தல் கூடாது.

பயணத்திற்குப் பெட்டி கட்டுகையில், பிள்ளைகளையும் அருகே இருத்தி, ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது எக்கூற்றைச் சேர்ந்தது என்று அவர்களையே கேளுங்கள். தம் பொருளைக் காக்கும் விழிப்பும், பிறர் மானத்தைக் காக்கும் பண்பும் அங்கேயே அவர்களுக்குப் பாடமாகும். கைச்சுமையும் குறையும், பிறருக்கு நாம் தரும் மனச்சுமையும் குறையும்.