'ஆஃப்' என்றால் அணைப்பதா, அலற வைப்பதா?

மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா, கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பூங்கா. 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. லுனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்குள்ள மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அன்று பெரட்டுக் களத்தில் கங்காணி இட்ட உத்தரவு தமிழில் இருந்தது. இன்று ஆலையில் இயந்திரக் கையேட்டையும் எச்சரிக்கைக் குறிப்பையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே தடுமாற வைப்பவை பெரிய பெரிய சொற்களா? இல்லை! 'செமிகண்டக்டர்' என்பதை ஒருமுறை படித்துப் பொருள் தெரிந்துகொண்டால் போதும். ஆளைக் கவிழ்ப்பவை ஆஃப், ஆன், அப், அவுட் என்னும் பொடிச் சொற்கள்தாம்.

'ஆஃப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'லைட்டை ஆஃப் பண்ணு' என்று பேசிப் பழகியவருக்கு ஆஃப் என்றால் அணைப்பது. 'டர்ன் ஆஃப் தி அலாரம்' என்றால் அபாய மணியை நிறுத்து என்று பொருள். அதுவரை சரி. ஆனால், 'செட் ஆஃப் தி அலாரம்' என்றால் மணியை அலற வைப்பது! 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் மணி அடித்தது. மணி அடித்தால் உடனே வெளியேறு என்ற எச்சரிக்கையை, மணி நின்றால் வெளியேறு என்று ஒருவர் படித்துவிட்டால் விளைவு என்னவாகும்?

ஏன் இந்தக் குழப்பம்? வினைச்சொல்லும் பொடிச்சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதால்தான். இதை ஆங்கில இலக்கணத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். தமிழுக்கும் இது புதிதல்ல. 'குழந்தையைப் பார்' என்பது வேறு, 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பது வேறு. 'கொள்' சேர்ந்ததும் பார்வை பராமரிப்பாகிவிடுகிறது. 'லுக் அட்' பார்ப்பது. 'லுக் ஆஃப்டர்' பராமரிப்பது.

பொடிச் சொற்களிலும் இரு வகை உண்டு. ஒன்று வினையைச் சேர்ந்தது. மற்றது பின்வரும் பெயரைச் சேர்ந்தது. பிரித்தறிய எளிய வழி, 'இட்' என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்பது. 'டர்ன் இட் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர் இட்' சரி. 'லுக் இட் ஆஃப்டர்' தவறு. முதலாவதில் ஆஃப் வினையோடு ஒட்டியது. அடுத்ததில் ஆஃப்டர், தமிழின் வேற்றுமை உருபு போலப் பெயரோடு ஒட்டியது.

'கீப் அப் வித்' என்பதில் இரண்டும் உண்டு. அப் வினைக்கு உரியது. வித் பெயருக்கு உரியது. வேகத்துக்கு ஈடுகொடுப்பது என்று பொருள். இதன் சாயலில் 'கோப் அப் வித்' என்று பலர் எழுதுகிறார்கள். 'கோப் வித்' என்பதே சரி. 'பற்றிப் பேசினோம்' என்ற தமிழ்ப் பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்பார்கள். அங்கே அபௌட் தேவையே இல்லை.

ஆகவே, பொடிச் சொற்களைத் தனியே மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 'செட் ஆஃப் தி அலாரம்', 'டர்ன் ஆஃப் தி மெஷின்' என்று முழுத் தொடராக நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். நாளுக்கு மூன்று தொடர் போதும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும். ஆலைக்குள் உயிரையே காக்கும்.