பேராசிரியருக்கு அரை மணி நேரம்தான்

அமெரிக்கப் பொது நூலகங்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு புத்தக நிகழ்ச்சியில், அழைக்கப்படும் பேராசிரியருக்கு ஒரு நிபந்தனை உண்டு. கல்லூரியில் அதே நாவலை ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துபவராக அவர் இருக்கலாம். நூலகத்தில் அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சினால் நாற்பது நிமிடம். அதற்குமேல் பேசும் உரிமை வந்திருக்கும் வாசகர்களுடையது. ஓய்வுபெற்றவர்கள், வேலை முடிந்து நேராக வருபவர்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரும் தாய்மார்கள் என்று பலரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எல்லோரும் புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, கட்டணமும் இல்லை.

'லெட்ஸ் டாக் அபௌட் இட்' என்பது இந்த நிகழ்ச்சியின் பெயர். சலவைக்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன வெர்மான்ட் மாநிலத்து ரட்லண்ட் நகரின் நூலகத்தில் 1970-களின் இறுதியில் இது முளைவிட்டது. வெர்மான்ட் பனி கொட்டும் சிறிய மாநிலம். ஆனால் அங்கே சிற்றூர்களில்கூட நூலகம் உண்டு, எட்டும் தூரத்தில் கல்லூரிகளும் உண்டு. இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள், பலித்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நூலகச் சங்கம் இதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. அதற்குப் பணம் கொடுத்தது நேஷனல் எண்டோமென்ட் ஃபார் தி ஹியூமானிட்டீஸ். வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளுக்கு நல்கை வழங்குவதற்காக 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த நிறுவனம் அது. ஐடஹோ, ஓக்லஹோமா மாநிலங்கள் 1985-இலேயே இந்த நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டன.

நடைமுறை எளிது. ஒரு தலைப்பு, அதற்குப் பொருந்திய நான்கைந்து புத்தகங்கள், மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டுமே, ஒரு நூலகம் ஒரே நாவலை இருபது முப்பது பிரதிகள் வாங்க முடியுமா? அதனால் பல மாநிலங்களில் புத்தகங்கள் ஓரிடத்திலிருந்து பெட்டி பெட்டியாக ஊர் ஊராகப் போகின்றன. ஓர் ஊரில் படித்து முடித்ததும் பெட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். வாசகர் கையெழுத்துப் போட்டுப் பிரதியை வாங்கிப் போவார், தொடர் முடிந்ததும் திருப்பித் தருவார். கேட்டால் இது சாதாரண ஏற்பாடாகத் தோன்றும். புத்தகம் கையில் இல்லாமல் புத்தகத்தைப் பற்றிக் கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: படித்தவர் ஒருவர் பேசுவார், படிக்காத ஐம்பது பேர் கைதட்டுவார்கள்.

மாலை நிகழ்ச்சிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அறிஞர் முதலில் புத்தகத்தின் காலம், ஆசிரியரின் பின்னணி, தொடரின் தலைப்போடு அதற்குள்ள உறவு ஆகியவற்றைச் சொல்வார். பிறகு கூட்டம் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும். கடைசியில் எல்லோரும் திரும்பக் கூடுவார்கள், அறிஞரும் அந்தப் பேச்சில் ஒருவராகக் கலந்துகொள்வார். தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்ற வரிசைக்கு இங்கே வேலையே இல்லை.

இதில் மிக நுட்பமான பகுதி தலைப்பைத் தேர்ந்தெடுப்பதுதான். யூத இலக்கியத்துக்கென்று 2004-இல் நெக்ஸ்ட்புக் என்ற அமைப்போடு சேர்ந்து நூலகச் சங்கம் ஒரு தனி வரிசை தொடங்கியது. அதில் ஒரு தலைப்பு பேய், பூதங்களைப் பற்றியது. முதலில் அன்ஸ்கியின் 'தி டிபுக்' நாடகம்: இறந்துபோன காதலனின் ஆவி மணப்பெண்ணின் உடலில் புகுந்துகொள்கிறது. அடுத்து ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் 'சேட்டன் இன் கோரே': 17-ஆம் நூற்றாண்டில் படுகொலைகளால் சிதைந்த போலந்துச் சிற்றூர் ஒன்று, மீட்பர் வந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்டுப் பித்துப் பிடித்து ஆடுகிறது. சிந்தியா ஓசிக்கின் நாவலில் நியூயார்க் மாநகராட்சியில் வேலை பார்க்கும் பெண் வழக்கறிஞர், வீட்டுப் பூந்தொட்டி மண்ணைப் பிசைந்து ஒரு பூதத்தை உருவாக்குகிறார். அந்தப் பூதம் அவரை மேயராகவே ஆக்கிவிடுகிறது. காஃப்காவின் 'உருமாற்றம்' தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்ததே. கடைசியாக டோனி குஷ்னரின் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா': எய்ட்ஸால் சாகக் கிடக்கும் ராய் கோன் என்ற வழக்கறிஞரின் படுக்கையருகே, அவர் முன்னின்று மரண தண்டனை வாங்கித் தந்த ஈதல் ரோசன்பெர்க்கின் ஆவி வந்து நிற்கிறது.

ஐந்தையும் தனித்தனியே படிப்பவர் ஐந்து கதைகளைப் படிப்பார். வரிசையாகப் படிப்பவருக்கோ, ஒரு சமூகம் தன் அச்சங்களுக்கு ஒவ்வொரு காலத்திலும் எப்படி உருவம் கொடுத்தது என்ற கேள்வி தானாக எழும். அறிஞரின் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது. மேடையில் பேசும் அரை மணி நேரம் அதில் சிறு பங்கு.

அறிஞரே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் இதற்கு மூத்தவர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸும் மார்ட்டிமர் ஆட்லரும் 1947-இல் தொடங்கிய கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன், பொது நூலகங்களில் ஏராளமான வாசிப்புக் குழுக்களை அமைத்தது. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் ஒருவர் அக்குழுவை நடத்துவார். அவர் உரையாற்றக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம். அதுவும் தனக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, விமர்சகர் கருத்து எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. பிரதி மட்டுமே பேச்சுக்குரியது. இந்த முறையில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் பழைய நூலைக் காலப் பின்னணி தெரியாமல் படிக்கும்போது எத்தனையோ பக்கங்கள் மௌனமாகக் கடந்து போய்விடும். அந்த மரபில் பெரும் புத்தகங்கள் என்று 1952-இல் 54 தொகுதிகளாக வெளிவந்த வரிசையில் 74 ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. யாரைப் படிப்பது என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

அறிஞர் கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் 150-ஆம் ஆண்டையொட்டி நடந்த தொடரில் ஜெரால்டின் புரூக்ஸின் 'மார்ச்' நாவலும், அப்போரின் ஆன்டீட்டம் சண்டையைப் பற்றி ஜேம்ஸ் மெக்ஃபர்சன் எழுதிய வரலாறும், எட்வர்ட் ஏயர்ஸ் தொகுத்த அக்காலக் கடிதங்கள், உரைகள் அடங்கிய நூலும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. அந்த உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது என்பதில் இன்றும் குடும்பங்களுக்குள் சண்டை வரும் நாடு அது. அவரவர் தாத்தா சொன்ன கதையோடு வந்து உட்காரும் கூட்டத்தில், ஆவணம் என்ன சொல்கிறது என்று எடுத்துக்காட்ட ஒருவர் இருந்தால்தான் பேச்சு முன்னே நகரும்.

2013-இல் வந்த 'முஸ்லிம் ஜர்னிஸ்' வரிசை இன்னும் துணிச்சலானது. இருபத்தைந்து புத்தகங்கள் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு இலவசமாகப் போயின. அவற்றில் ஒன்று டெர்ரி ஆல்ஃபர்ட் எழுதிய 'பிரின்ஸ் அமாங் ஸ்லேவ்ஸ்'. மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் ரஹ்மான் 1788-இல் பிடிபட்டு, மிசிசிப்பியில் விற்கப்பட்டு, நாற்பது ஆண்டுகள் அடிமையாக உழைத்து 1828-இல் விடுதலையான வரலாறு அது. இஸ்லாம் நேற்று விமானத்தில் வந்து இறங்கிய மதம் என்று நினைத்திருந்த வாசகருக்கு இந்த ஒரு புத்தகமே போதும்.

இதே உத்தி நூலகத்துக்கு வெளியிலும் பயன்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸில் 1991-இல் ராபர்ட் கேன் என்ற நீதிபதியும் ராபர்ட் வாக்ஸ்லர் என்ற ஆங்கிலப் பேராசிரியரும் சேர்ந்து, குற்றவாளிகள் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல் நாவல் படிக்க அனுப்பினார்கள். ஜாக் லண்டனின் 'தி சீ உல்ஃப்' அவர்கள் படித்தவற்றுள் ஒன்று. அதைப் பற்றிய தொடக்க கால ஆய்வில், படித்த 32 பேரில் 6 பேர் மட்டுமே மீண்டும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். படிக்காத 40 பேரில் அந்த எண்ணிக்கை 18. இவ்வளவு சிறிய கணக்கை வைத்து இலக்கியம் மனிதனைத் திருத்திவிடும் என்று முழங்குவது அவசரம். ஆனாலும் நீதிபதியும் பேராசிரியரும் குற்றவாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நாவலைப் பேசியது சின்ன விஷயமல்ல.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம். பெரிய பணமும் அல்ல: அறிஞருக்குச் சிறு மதிப்பூதியம், புத்தக விலை, பெட்டியை அனுப்பும் செலவு. கணிசமான பகுதி எண்டோமென்ட் நிறுவனத்திலிருந்து வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கான மாநில மன்றங்கள் வழியாக வந்தது. 2025 ஏப்ரலில் அந்த நல்கைகள் ஒரே வீச்சில் ரத்து செய்யப்பட்டன. மெலன் அறக்கட்டளை 56 மன்றங்களுக்குமாகச் சேர்த்து 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. இழந்ததோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மன்றங்களின் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் உள்ள மைய அரசு நீதிமன்ற நீதிபதி, நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகையை நிர்வாகம் இப்படி முடக்கியது சட்டப்படி நிற்காது என்று கருதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்.