சமாதிப் பொன் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தில் ஸஃபோக் ஜில்லாவில், டெபன் நதியை நோக்கிய மேட்டு நிலத்தில் ஸட்டன் ஹூ என்றோர் இடம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸட்டன்’ என்றால் தெற்குப் பண்ணை. அங்கே 1910-ல் கட்டிய, தோட்டஞ் சூழ்ந்த நாட்டுப்புற மாளிகையொன்று நிற்கிறது. அதற்குக் கண்ணெட்டும் தூரத்திலுள்ள புல் மூடிய மண்மேடுகள் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்திய சமாதிகள். ஏர் உழுது பல மேடுகள் கரைந்தன. கள்வர் தோண்டியவையும் உண்டு.

1934-ல் கணவரை இழந்த எடித் பிரெட்டி அம்மையார் இம்மாளிகையின் சொந்தக்காரர். மேடுகளில் என்ன இருக்கிறதென்று அறிய விரும்பி, 1938-ல் பாஸில் பிரௌன் என்பவரை அமர்த்தினார். 12-வது வயதில் பள்ளியை விட்டு வயலில் உழைத்தவர் பிரௌன். சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். உதவிக்கு நின்றவர்கள் மாளிகையின் வேலையாட்களே. 1939 மே மாதத்தில் தோட்டக்காரர் ஒருவரின் கையில் துருப்பிடித்த இரும்பாணி ஒன்று அகப்பட்டது. பிரௌன் மண்வெட்டியை நிறுத்தி மெல்ல மணலை நீக்கினார். வரிசை வரிசையாக ஆணிகள்! மரம் முழுதும் மக்கிவிட, 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் வடிவம் மட்டும் மணலில் பதிந்திருந்தது. நடுவே தலைச்சீரா, பொற்கச்சைப் பூட்டு, 37 பொற்காசுகள் கொண்ட பை. கேம்பிரிட்ஜ் பண்டிதர் வந்ததும் பிரௌன் பின்னுக்குத் தள்ளப்பட்டார் என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

பொன் யாருக்கு? ஆகஸ்டு 14-ந் தேதி கிராமக் கூடத்தில் ஜூரிகள் கூடினர். திரும்ப எடுக்கும் எண்ணத்துடன் ஒளித்துவைத்த பொன்னும் வெள்ளியும், உடையவர் தெரியாவிடில், மன்னரைச் சேரும் என்பது அந்நாட்டின் அக்காலச் சட்டம். ஊரறியக் கப்பலை இழுத்துவந்து இறந்தவனுக்குச் சமர்ப்பித்ததை ஒளித்தது என்று எவ்வாறு சொல்லலாம்? யாவும் அம்மையாருக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. அவரோ அனைத்தையும் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பின்னர் அளிக்க வந்த பட்டத்தையும் மறுத்தார். (1996-ம் வருஷத்துச் சட்டம் வந்தபின், புதைத்தவன் எண்ணத்தை அங்கும் எவரும் கேட்பதில்லை.)

இதே ஆங்கிலேயர் 1878-ல் இந்தியாவுக்கென்று இயற்றிய புதையல் சட்டமோ அக்கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்கவில்லை. 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவாயினும் கண்டெடுத்தவன் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். சர்க்கார் விரும்பினால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தங்கள் நாட்டில் இறந்தோரைப் புதைத்தவர் மனத்தை ஆராய ஜூரியை அமர்த்தியவர்கள், நம் நாட்டில் கலெக்டரை அமர்த்தினர்.

அதற்கும் 2 ஆண்டுகள் முன்னர், 1876-ல், தாமிரவருணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய யாகோர் என்னும் ஜெர்மானியர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அங்கே எந்த ஜூரி கூடிற்று?

பிரெட்டி அம்மையாரின் மாளிகையும் மேடுகளும் இன்று நேஷனல் டிரஸ்ட் வசம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆதிச்சநல்லூரிலும் 2023-ல், தோண்டிய குழிகளையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே காணும்படி காட்சிசாலை அமைந்தது, நல்ல காரியமே. பெர்லினுக்குப் போனவற்றையும் திருப்பிக் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.