விடியுமுன் நீரில் இறங்கும் பெண்கள்

ஜேர்மனியின் தலைநகர் பேர்லினில் டிசம்பர் மாதத்தில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணியளவாகிவிடும். அந்த இருளிலும் குளிரிலும் போர்வையை விலக்கி எழுந்து நீச்சல் பயிற்சிக்குச் செல்வது யாருக்கும் இலகுவான காரியமல்ல. யுத்தத்தால் ஊரை இழந்து வந்த ஒரு பெண்ணுக்கு அது இன்னும் கடினம். ஆனாலும் யுஸ்ரா மர்டினி சென்றார்.

1998 இல் பிறந்த யுஸ்ரா சிரியாவைச் சேர்ந்தவர். நீச்சல் பயிற்றுநரான தந்தையிடமே நீந்தக் கற்றார். டமஸ்கஸில் அவர் பயிற்சி பெற்ற தடாகத்தின் கூரையும் குண்டுவீச்சில் துளைபட்டது. 2015 ஓகஸ்டில், 17 வயதில், தமக்கை சாராவுடன் நாட்டை விட்டுப் புறப்பட்டார். துருக்கியிலிருந்து கிரேக்கத்தின் லெஸ்பொஸ் தீவை நோக்கி, ஏழு பேர் வரை ஏறக்கூடிய றப்பர் படகில் சுமார் 20 பேர் சென்றனர். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. சகோதரிகள் இருவரும் கடலில் குதித்தனர். மூன்று மணித்தியாலங்களுக்கும் மேலாக நீந்திப் படகைக் கரைசேர்க்க உதவினர்.

பேர்லின் அகதி முகாமில் இருந்தபோது, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் அருகிலிருந்த நீச்சல் கழகத்தின் தொடர்பு கிடைத்தது. பாடசாலைக்கு முன்னும் பின்னும் பயிற்சி. 2016 இல் றியோ ஒலிம்பிக்கில் பத்துப் பேர் கொண்ட முதலாவது அகதிகள் அணியில் அவரும் ஒருவர். வண்ணத்துப்பூச்சிப் பாணி 100 மீற்றர் முதற்சுற்றில் தமது பிரிவில் முதலாவதாக வந்தார். அடுத்த சுற்றுக்குத் தெரிவாகவில்லை. ஆயினும் பயிற்சியைக் கைவிடவில்லை. 2021 இல் டோக்கியோவிலும் நீந்தினார்.

ஏன் இந்தத் தயக்கம்?

இது வெறும் சோம்பலல்ல. வெளிச்சம் கண்ணில் படாதவரை உடல் இன்னும் இரவென்றே எண்ணுகிறது. விடியுமுன் உடற்சூடும் குறைந்திருக்கும். போட்டித் தடாகத்து நீரின் வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியஸ். எமது உடலின் வெப்பமோ 37 பாகை. ஆகவே முதற் சில நிமிடங்கள் நடுங்கத்தான் செய்யும். கைகால்கள் அசைய அசையச் சூடு பிறக்கும்.

செய்யக்கூடியவை

• நீச்சலுடை, துவாய், மாற்றுடை அனைத்தையும் இரவே பையில் எடுத்து வையுங்கள். காலையில் யோசிக்க எதுவும் மிஞ்சக்கூடாது.

• எழுந்தவுடன் விளக்கைப் போடுங்கள்.

• ஒரு தோழியுடன் சேர்ந்து செல்லுங்கள். அவள் காத்திருப்பாள் என்ற எண்ணமே எழுப்பிவிடும்.

• 'இன்று பத்து நிமிடம் மட்டும்' என்று தொடங்குங்கள். இறங்கியவர் இலகுவில் திரும்பமாட்டார்.

• நேரத்தோடு உறங்குங்கள். உறக்கமில்லாத உடலிடம் ஊக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

• பயிற்சி முடிந்ததும் தலையை நன்கு துவட்டி, சூடாக ஏதேனும் அருந்துங்கள்.

விருப்பம் வரட்டும், பிறகு எழுவோம் என்று காத்திருந்தால் அந்த விருப்பம் வராமலே போகலாம். எழுந்து நடந்த பின்னர்தான் பல நாட்களில் அது வந்து சேரும். இது நீச்சலுக்கு மட்டுமல்ல. தையல், தோட்டம், படிப்பு என எதை மீண்டும் தொடங்குவோருக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இழப்பின் பாரத்தால் வாரக்கணக்காக உறக்கமின்றி, எழவே மனமில்லாதிருந்தால் அதைச் சோம்பல் என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள். வைத்தியரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். நடுக்கடலில் யுஸ்ராவும் தனியே நீந்தவில்லை. அருகில் தமக்கை இருந்தார்.