மதிப்பெண்ணும் வறுமையும்

சிறு நகரங்களிலுள்ள அரசாங்கப் பாடசாலை மாணாக்கர் பரீட்சையிற் பின்தங்கக் காண்போர், ஆசிரியர் சரியில்லை என்பர். அன்றேல், பிள்ளைகட்குப் புத்தி மட்டு என்பர். இரண்டும் எளிதிற் சொல்லத்தக்கன. ஆதலின் அடிக்கடி சொல்லப்படுகின்றன. பரீட்சைத்தாள் மாணாக்கனோடு அவன் வீட்டையும் சேர்த்தே அளக்கின்றது என்பது நம் கருத்து.

அரசாங்கப் பள்ளியிற் சம்பளம் இல்லை என்பது மெய்யே. ஆயினும், சந்தை நாளில் தாய்க்குத் துணையாகக் கூடை சுமக்கும் சிறுவன் அன்றைய கணக்குப் பாடத்தை இழக்கின்றான்; தம்பி தங்கையரைக் காக்க வீட்டில் நிறுத்தப்பெறும் சிறுமி அறுவடைக் காலம் முழுதும் இழக்கின்றாள். கணக்கோ ஒன்றன்மேல் ஒன்றாக எழும்புவது. பின்னத்தைத் தவறவிட்டவனுக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காதவனுக்கு வட்டிக் கணக்கு இருளே. மூன்று நாள் வாராமை மூன்றாண்டுக்குப் பின் மதிப்பெண்ணில் வெளிப்படும்போது, அம்மூன்று நாட்களை நினைப்பவர் யார்?

1956-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும், 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும், 2022-இல் தொடக்கப் பள்ளிகளிற் காலைச் சிற்றுண்டி வந்ததும் யாவரும் அறிந்தனவாதலின் ஈண்டு விரித்திலம். உணவு பிள்ளையைப் பள்ளிக்குக் கொணரும். பள்ளியிறுதிக்கு மேற்செல்லும் வழிக்கு அது போதாது.

இதற்கு மருத்துவக் கல்வியே தக்க சான்று. 2017 முதல் தமிழ்நாட்டில் நீட் நுழைவுத் தேர்வின்படி மாணாக்கர் சேர்க்கப்பட்டனர். தனிப்பயிற்சிக்குப் பெரும்பொருள் செலவிட இயலாத அரசுப் பள்ளி மாணாக்கருள் அடுத்த மூன்றாண்டுகளில் இடம் பெற்றோர் மிகச் சிலரே. 2020-இல் அவர்க்கென 7.5 விழுக்காடு இடங்கள் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் இடம் பெற்றனர். பள்ளிகள் அவையே, ஆசிரியரும் அவரே. தகுதிக் கோட்டைக் கடந்தும் வரிசையிற் பின்நின்றவர் இத்துணைப் பேர் உளர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. (அக்கோட்டைக் கடவாதார்க்கு ஒதுக்கீட்டிலும் இடமில்லை என்பதை, இதனைச் சலுகை என்று இகழ்வோர்க்கு நினைவூட்டுகின்றோம்.)

ஆயினும் வறுமை அங்கும் உடன் வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்திற்கு வழியின்றிச் சிலர் கலந்தாய்விலேயே அதனை வேண்டாவென்று விட்டனர். அக்கட்டணத்தைத் தானே ஏற்பதாக அரசாங்கம் அந்நவம்பரிலேயே அறிவித்தது. அறிவிப்பு வருமுன் அவர்கள் ஊர் திரும்பிவிட்டனர்.