கண் சவ்வு ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஏன் அளக்கிறார்கள்?

"ஒப்பரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்னத்துக்குக் கண்டிக்கு அலைய விடுறாங்க?" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த அலைச்சல் வீண் இல்லை.

இது கண்ணில் பூ விழும் வருத்தம் அல்ல. கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய சிலருக்கும், சீனி வியாதிக்காரர் சிலருக்கும் அதன்மேல் மெல்லிய சவ்வு படர்ந்து சுருங்கி, திரையை இழுக்கிறது. அப்போது கதவு நிலையும் ஜன்னல் கம்பியும் வளைந்து தெரியும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்.

சவ்வு லேசாக இருந்தால் ஒப்பரேஷன் செய்யமாட்டார்கள். இடைஞ்சல் கூடினால்தான் கண்ணுக்குள் உள்ள ஜெலி போன்ற பொருளை எடுத்து, சவ்வை உரிக்கிறார்கள். ஜெலி எடுக்கும் இந்த வழியை 1970இல் அமெரிக்காவின் மியாமியில் ரொபர்ட் மகெமர் என்ற டொக்டர் தொடக்கிவைத்தார்.

அளப்பது ஓ.சி.டி. என்ற மெஷின். 1991இல் உலகுக்கு அறிமுகமான முறை இது. நாடியை வைத்து ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்தால் போதும், ஊசியில்லை, நோவில்லை. வெட்டிய கேக்கைப் போல விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும். அந்தப் படத்தில் 250, 450 என்று இருப்பது தடிப்பு, மைக்ரோன் கணக்கில். ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர். நடுவில் 250 அளவில் இருக்கவேண்டியது, சவ்வு இழுத்தால் 400, 500 என்று ஏறலாம்.

சவ்வை உரித்ததும் அது ஒரே நாளில் இறங்காது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையும். பழைய அளவுக்கு வராமலே பார்வை தெளிவதும் உண்டு. முந்திய படத்தோடு ஒப்பிட்டால்தான் வீக்கம் இறங்குகிறதா, சவ்வு மறுபடி வருகிறதா என்று டொக்டருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். சிலருக்கு அளவு நன்றாக இறங்கியும் பார்வை மங்கிக்கொண்டே போகும். "ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சு" என்று லயத்துக்குள் முடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வெண்புரை. இந்த ஒப்பரேஷனுக்குப் பின் ஒன்றிரண்டு வருஷத்தில் அது வருவது வழக்கம், அதை எடுத்துவிடலாம். கிளினிக்கை விட்டவருக்கு இதை யார் சொல்வது?

கண்ணுக்குள் வாயு விட்டிருந்தால், உயரம் ஏற ஏற அது விரியும். கலஹாவுக்கு மேலே வீடு என்று டொக்டரிடம் சொல்லி, எப்போது ஏறலாம் என்று கேளுங்கள்.

கிளினிக் நாளில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஆள் வேண்டும். கிளினிக் கொப்பியையும் படங்களையும் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். மின்னல் வெட்டுவது போலவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் கிளினிக் தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.