உரோமையின் ஆடம்பரமும் மூலையில் நின்ற அடிமையும்

தவக்காலம் பிறந்தால் நம் பங்குகளில் திருப்பாடுகளின் நாடகத்திற்கு ஒத்திகை தொடங்கிவிடும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலை வேலை முடித்து வரும் இளைஞர்கள் அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிக் கவசம் செய்வார்கள். சிவப்புத் துணியைத் தோளில் முடிந்து மேலாடையாக்குவார்கள். இவ்வாறு உருவாகும் உரோமை வீரனுக்கு மேடையில் அடிப்பதும் அதட்டுவதும் தவிர வேறு வேலையில்லை. அவனுக்கும் ஒரு வீடுண்டா, மனைவி மக்களுண்டா, அவ்வீட்டில் அடுப்பு மூட்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்விகளைக் கேட்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

‘உரோம்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் எச்.பி.ஓ., இங்கிலாந்தின் பி.பி.சி., இத்தாலியின் ராய் ஆகிய மூன்று நிறுவனங்களும் கைகோத்து உருவாக்கிய தொடர் இது. 2005ஆம் ஆண்டில் 12 பகுதிகளும், 2007ஆம் ஆண்டில் 10 பகுதிகளுமாக வெளிவந்தது. 1937இல் திறக்கப்பட்ட சினேசித்தா என்னும் உரோமைப் படப்பிடிப்புக் கூடத்தில் ஏறக்குறைய ஐந்து ஏக்கர் பரப்பில் பண்டைய நகரமொன்றையே எழுப்பினார்கள். முதல் 12 பகுதிகளுக்கு மட்டும் ஆன செலவு சுமார் 10 கோடி டாலர். பூவிருந்தவல்லிப் பக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களில் அரண்மனை கட்டி, ஒரு மாதத்தில் பிரித்து, அதே பலகையால் அடுத்த படத்திற்குச் சிறைச்சாலை கட்டும் நம் தச்சர்கள் இத்தொகையைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்! இச்செலவைத் தொடர்ந்து தாங்குவது அரிதாகவே, இரண்டாம் பருவத்தோடு தொடரை முடித்துக்கொண்டார்கள். அதே 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சினேசித்தாவில் மூண்ட தீ, அப்பொய் நகரத்தின் ஒரு பகுதியை விழுங்கியது. கி.பி. 64இல் மெய்யான நகரம் எரிந்தபோது பழி கிறிஸ்தவர்மேல் விழுந்தது. இம்முறை அவ்வாறு நேரவில்லை.

பழைய திரைப்படங்களின் உரோமை வெண்பளிங்கு நகரம்; எங்கும் தூய்மை, எங்கும் அமைதி. இத்தொடரின் உரோமையோ நம் சந்தைத் தெருவைப் போன்றது. கோவில் தூண்களில் கண்ணைப் பறிக்கும் வண்ணம், சுவரெங்கும் கிறுக்கல், குறுகிய சந்துகளில் சேறு, பொதுவெளியில் நின்று செய்தி அறிவிப்பவன் இடையிடையே ரொட்டி வணிகர்களின் விளம்பரத்தையும் சேர்த்துச் சொல்கிறான். வரலாற்றறிஞர் மெச்சுவதும் இதையே. வீட்டு வாசலில் சிறு பீடம் வைத்துக் குலதெய்வத்திற்குப் படையல் இடும் அக்குடும்பங்களைக் காணும்போது தமிழருக்கு அந்நிய நாடென்ற எண்ணமே எழாது.

கதை கி.மு. 52இல், கோல் நாட்டுப் போர் முடியும் தறுவாயில் தொடங்குகிறது. சீசர், பொம்பே, அந்தோனி, கிளியோபாத்திரா, ஒக்டேவியன் ஆகிய யாவரும் வருகிறார்கள். ஆயினும் கதையைச் சுமப்பவர்கள் லூசியஸ் வொரேனஸ், டைட்டஸ் புல்லோ என்னும் இரண்டு போர்வீரர்கள். இப்பெயர்கள் கற்பனையல்ல. சீசர் தம் கோல் போர்க்குறிப்பின் ஐந்தாம் நூலில், ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஒருவர் உயிரை ஒருவர் காத்த நூற்றுவர் தலைவர்கள் என்று இவ்விருவரையும் குறித்து வைத்திருக்கிறார். அச்சில வரிகள் இங்கே 22 பகுதிகளாக வளர்ந்திருக்கின்றன. புல்லோவாக நடித்தவரை நம் இளைஞர்கள் அறிவார்கள்: 2022இல் வெளியான ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தில் கொடுங்கோல் ஆளுநராக வந்த ரே ஸ்டீவன்சன்தான் அவர். 2023ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் காலமானார்.

ஏரோதும் இதில் தலைகாட்டுகிறான். மாசில்லாக் குழந்தைகளைக் கொன்றவன் என்றே நாம் அறிந்த அவன், கி.மு. 40இல் உரோமை ஆட்சிமன்றத்தின் தயவால் யூதேயாவின் அரசன் என்ற பட்டத்தைப் பெற்றவன். அப்பட்டம் எத்தகைய பேரத்தில் கைமாறியிருக்கும் என்பதைத் தொடர் தன் போக்கில் காட்டுகிறது.

பெற்றோர்களுக்கு ஒன்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இது பிள்ளைகளோடு அமர்ந்து காணும் தொடரன்று. பிள்ளைகள் தனியே கைப்பேசியில் காணும் தொடரும் அன்று. இரத்தமும் நிர்வாணமும் இதில் மிகுதி. கொடுமையை மறைக்காமல் காட்டியதைக் குறைகூற மாட்டேன். உரோமையின் கொடுமை கட்டுக்கதையன்று. ஆனால், பெண்ணுடலைக் காட்டும் பல காட்சிகள் கதைக்குத் தேவையற்றவை. பார்ப்பவரைக் கட்டிப்போடவே அவை சேர்க்கப்பட்டன என்பது என் துணிபு. மேலும், ஒக்டேவியனின் தாய் ஆத்தியாவைச் சூழ்ச்சியும் காமமும் நிறைந்தவளாகத் தீட்டியிருக்கிறார்கள். பண்டைய ஆசிரியர் தாசிட்டசோ அவரை மகனைக் கண்ணியமாக வளர்த்த அன்னையருள் ஒருவராகப் போற்றுகிறார். இறந்தவர் வந்து வழக்காடப் போவதில்லை என்ற துணிச்சல்!

பின் ஏன் இதைப் பற்றி எழுத வேண்டும்? காட்சிகளின் ஓரத்தில் நிற்பவர்களுக்காக.

சீசர் பேசும்போது அருகில் எழுத்துப் பலகையோடு ஒருவன் நிற்பான். அவன் பெயர் போஸ்கா; எசமானைவிட நாவன்மை மிக்கவன்; ஆயினும் அடிமை. செல்வர் வீட்டுப் படுக்கையறையிலும், குளியலறையிலும், மந்திராலோசனையிலும் அடிமைகள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் எதையும் பேசவும் செய்யவும் எசமானர்கள் கூசுவதில்லை. நாற்காலியைப் பார்த்து நாம் நாணுவதுண்டா? நேர்மையாளன் என்று தொடர் போற்றும் வொரேனஸ், போரில் தன் பங்காகக் கிடைத்த அடிமைகளை விற்று வாழ்வைத் தொடங்க எண்ணுகிறான். அவர்கள் நோயில் மடிகிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் எஞ்சுகிறான். வொரேனஸ் வருந்துவது நட்டத்திற்காக. புல்லோ, தான் விரும்பும் ஐரீன் என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலை அளிக்கிறான். அவளோ தன்னைப் போன்ற ஓர் அடிமையை மணக்கப் போவதாகக் கூறி நன்றி சொல்கிறாள். சினம் தலைக்கேறிய புல்லோ அந்த இளைஞனை அங்கேயே கொன்றுவிடுகிறான். அதற்காக அவனை இழுத்துச் செல்லக் காவலர் எவரும் வரவில்லை. அக்காட்சியைக் கண்டபின் எனக்கு வேறொரு நூற்றுவர் தலைவன் நினைவுக்கு வந்தான்.

கப்பர்நாகூம் ஊரில் இருந்த அவனுடைய ‘பணியாளர்’ சாகும் தறுவாயில் இருந்ததாக நம் திருவிவிலியத்தில் வாசிக்கிறோம். பணியாளர் என்றவுடன் மாதச் சம்பளமும் வாரவிடுமுறையும் உள்ள ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் ‘தூலொஸ்’. அதன் நேர்ப்பொருள் அடிமை. விலைக்கு வாங்கப்பட்டவன், விலைக்கு விற்கத்தக்கவன். நோயுற்று இறந்தால் வேறொருவனை வாங்கிக்கொள்ளும் காலத்தில், அவனுக்காக யூத மூப்பர்களை அனுப்பி மன்றாடிய படைத்தலைவன் எவ்வளவு வியப்புக்குரியவன்! நற்கருணை வாங்குமுன் நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்லும் வேண்டுதல் அவன் வாய்ச்சொல்லிலிருந்து வந்ததே. ஓர் அடிமையின் நோய்ப்படுக்கையருகே பிறந்த செபம் அது.

சிலுவையும் அடிமைகளுக்கென்றே பேர்பெற்ற தண்டனை. இத்தொடரின் கதை தொடங்குவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், கி.மு. 71இல், ஸ்பார்த்தக்கஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. சிறைப்பட்ட 6,000 பேரைக் காப்புவா நகரிலிருந்து உரோமைவரை, ஆப்பியா நெடுஞ்சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் புறப்பட்டு ஆம்பூரையும் தாண்டிச் செல்லும் தொலைவு அது. நாற்பது ஐம்பது எட்டுக்கு ஒரு சிலுவை. பின்னர் கி.பி. 61இல், நகர ஆட்சியாளர் ஒருவரை அவருடைய அடிமை கொன்றபோது, அவ்வீட்டிலிருந்த 400 அடிமைகளும், குற்றமறியாதவர் உட்பட, கொல்லப்பட்டனர். பவுலடியார் கைதியாக உரோமைக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அக்காலமே. ஒனேசிம் என்ற அடிமையை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு பிலமோனுக்கு அவர் எழுதிய 25 வசனத் திருமுகம் எவ்வளவு துணிவான கடிதம் என்பது இப்பின்னணியில்தான் விளங்கும். அடிமை முறையையே அவர் கண்டித்திருக்கக் கூடாதா என்று இக்காலத்தார் கேட்பது நியாயமே. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ அரசர்களும் அடிமை வைத்திருந்தனர் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

அது பழங்கதை என்று ஒதுக்க நம் வட்டாரத்தாருக்கு இயலாது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், 2011ஆம் ஆண்டு, ஒரே செங்கற்சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளர்கள் 500 பேருக்கும் மேல் மீட்கப்பட்டனர். கொத்தடிமைத் தொழில்முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு அப்போதே 35 ஆண்டுகள் கடந்திருந்தன. இங்கே சங்கிலி தேவைப்படுவதில்லை, முன்பணம் போதும். குடும்பமாக வந்து மண் மிதிக்கிறார்கள், கூலி கடனுக்குக் கழிகிறது, கடனோ தீர்வதில்லை, அது தீராமல் வெளியேற விடுவதுமில்லை. அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கல்லால் எழும்பிய வீடுகளில் யார் யார் குடியிருக்கிறோமோ!

மேற்சொன்ன சட்டத்தின்படி அத்தகைய கடன் செல்லாது. அதற்கென எதையும் திரும்பப் பெறுவதே குற்றம். சூளையிலோ அரிசி ஆலையிலோ எவரேனும் வெளியேற விடாமல் தடுக்கப்படுவதை அறிந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதலாம். மனுவில் இடத்தின் பெயரும், அங்குள்ள குடும்பங்களின் எண்ணிக்கையும், அவர்களுடைய சொந்த ஊரும் இருந்தால் விசாரணை எளிதாகும். மீட்கப்படும் ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்றிதழ் தரப்பட வேண்டும். அரசின் உதவித்தொகையையும் மறுவாழ்வையும் கோருவதற்கு அதுவே ஆதாரம். அவசரத்தில் வண்டியேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் அந்தத் தாள் கிடைக்காமற் போகும். ஆதலால் அது ஒவ்வொருவர் கைக்கும் வந்துசேரும்வரை யாராவது உடன் நிற்க வேண்டும்.